நடு ஆட்டத்தில் அவசரம் யாருக்கு?

திருகோணமலையில் வலய மட்டச் சதுரங்கப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளில் பாய்ந்து தாக்குபவர்களும் உண்டு, பொறுமையாகக் காத்திருப்பவர்களும் உண்டு. எந்த நிலையில் எது தகும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எதிரியின் பலவீனமான காலாள் பத்து நகர்வுகள் கழிந்தாலும் பலவீனமாகவே இருக்கும். அது நிலையான சாதகம். நம் காய்கள் முந்தி வெளிவந்து எதிரி அரசனை நோக்கி நிற்பது இயக்கச் சாதகம். எதிரி தன் காய்களை ஒழுங்குபடுத்தியதும் அது கரைந்துவிடும். ஆகவே, இருவரும் சும்மா நான்கைந்து நகர்வுகள் ஆடினால் யாருடைய நிலை மேம்படும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மேம்படாதவருக்கே அவசரம்.

இதைப் பழக, பக்கத்து சி, ஈ நிரல்களில் (நெடுவரிசைகளில்) துணைக் காலாள் இன்றி டி4இல், அதாவது டி நிரலின் 4ஆம் கட்டத்தில், தனித்து நிற்கும் வெள்ளைக் காலாளைவிட நல்ல களம் இல்லை என்பது என் கருத்து. வெள்ளை, காய் மாற்றங்களைத் தவிர்த்து, குதிரையை ஈ5இல் நிறுத்தித் தாக்க வேண்டும். கறுப்பு, டி5ஐ அடைத்து, குதிரைகளையும் மந்திரிகளையும் (பிஷப்) மாற்ற வேண்டும்.

1936இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நடந்த போட்டியில், விட்மாருக்கு எதிராக வெள்ளையில் ஆடிய சோவியத் வீரர் பொட்வின்னிக் 18ஆம் நகர்வில் எஃப் காலாளை முன்தள்ளி அந்த நிரலைத் திறந்து, 20ஆம் நகர்வில் எஃப்7இல் குதிரையால் வெட்டினார்; 24ஆம் நகர்வோடு ஆட்டம் முடிந்தது. டி4 காலாள் கடைசிவரை நின்ற இடத்திலேயே நின்றது. அதை முற்றுகையிட விட்மாருக்கு நேரமே கிடைக்கவில்லை. 1981 மெரானோ உலகப் பட்டப் போட்டியின் 9ஆவது ஆட்டத்தில் நேர்மாறு. சவால் விடுத்த கோர்ச்னோயின் தனிக் காலாளுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய அப்போதைய உலகச் சம்பியன் கார்போவ், 27ஆம் நகர்வுக்குள் எல்லாக் குதிரைகளையும் மந்திரிகளையும் மாற்றி, டி நிரலில் கோட்டைகளைக் குவித்தார். ஆனால் அவர் காத்திருந்து மட்டும் வெல்லவில்லை: 35ஆம் நகர்வில் ஈ5 தள்ளினார். டி4 காலாள் அதை வெட்டினால், பின்னால் டி2இல் நிற்கும் கோட்டை பறிபோகும். நிலையான சாதகமும் இப்படி ஒரு கட்டத்தில் இயக்கமாக மாறியாக வேண்டும்.

வெள்ளைக்கு மறுபக்கப் பாடம் உண்டு. தாக்குதல் ஓய்வது தெரிந்தால், டி5ஐக் காப்பவர்களை எண்ணிப் பார்த்து, இயலும்போதே காலாளைத் தள்ளி மாற்றிவிடுங்கள். சமநிலை கிடைத்தாலும் அது இலாபமே.

பயிற்சிக்கு, பொட்வின்னிக் ஆட்டத்தில் வெள்ளையின் 13ஆம் நகர்வுக்குப் பின்னுள்ள நிலையை அடுக்கி, நண்பருடன் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஆடுங்கள். டச்பே கடற்கரையில் வேண்டாம், காற்று குறிப்புத்தாளை அள்ளிப் போய்விடும். ஒவ்வொரு காய் மாற்றத்துக்கும் எதிரே அதை விரும்பியவர் யார் என்று எழுதி, பிறகு நிறம் மாற்றி ஆடுங்கள்.