அடைத்த கடன் சிபிலில் நிலுவையாக நின்றபோது

கட்டி முடித்த தனிநபர் கடன், சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ‘நிலுவை’ என்று நின்றது. சிபில் தானாகத் திருத்தாது. டிஸ்பியூட் (பிழை என்ற முறையீடு) போட்டால் அது கடன் தந்த வங்கிக்கே போகும், அங்கே உறுதிசெய்தால்தான் மாறும். ஆகவே அதே நாளில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் மின்னஞ்சல்: அறிக்கையின் கட்டுப்பாட்டு எண், கடன் கணக்கு எண், என்ஓசி (பாக்கி இல்லை என்ற வங்கிச் சான்று), கடைசித் தவணை கழிந்த ஸ்டேட்மென்ட். நிலுவைத் தொகை, கணக்கு மூடிய தேதி இரண்டையும் டிஸ்பியூட்டில் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அது அப்படியே கிடக்கும். ‘செட்டில்டு’ என்று போடுகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். அது பாதியில் பேசி முடித்த கடனுக்கான முத்திரை. முழுதும் கட்டியவருக்கு ‘குளோஸ்டு’தான். திருத்தித் தரக் கெடு, புகார் கொடுத்ததிலிருந்து 30 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல். மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் அறிக்கைகளிலும் அதே பிழை இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை இலவசம்தானே, எடுத்துப் பாருங்கள்.