மாலை ஷிப்ட் அன்று பகலை வீணாக்காமல் இருக்க: மே மாதச் செய்முறை

எனக்கு வார லீவு ஞாயிறும் திங்களும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஷிப்ட். கேப் 4.45-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அப்படியென்றால் செவ்வாய்ப் பகல் முழுக்க நம்முடையதுதானே? முதல் இரண்டு வருஷம் எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து மணிக்கு எழுந்து, 'இன்னைக்கு வேலை இருக்கே' என்று போனைத் தடவிக்கொண்டே மூன்று மணியாகிவிடும். இப்போது வாரத்திலேயே எனக்குப் பிடித்த பகல் அதுதான். மாலை ஷிப்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். சென்னையின் கத்திரி வெயிலை மனதில் வைத்துச் சொல்வது இது.

1. முதல் நாள் இரவு

ஐடி கார்டு, சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும். பகலில் வேலையை நினைவுபடுத்தும் எதுவும் கண்ணில் படக்கூடாது. அப்புறம், மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். என் ஓட்டு மண்சட்டிக்குத்தான்.

2. காலை 5.15

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்விடுங்கள். மே மாதத்தில் சூரியன் 5.45 வாக்கில் எழும். நான் உட்காருவது ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில். 1930-ல் அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியது அது. அந்தக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு வெயில் உறைக்கத் தொடங்கும், கிளம்பிவிடுங்கள்.

3. நுங்கும் பழைய சோறும்

திரும்பி வரும் வழியில் நுங்கு. வெறுமனே 'ஒரு டஜன்' என்று கேட்டால் முற்றலும் கலந்து வரும். "அக்கா, இளசா பார்த்துச் சீவுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். சீவிய காயின் கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரவேண்டும். விரல் இறங்காமல் கெட்டியாக இருந்தால் அது கடுக்காய், வேண்டாம் என்று சொல்லுங்கள். பதநீர் கிடைத்தால் அங்கேயே குடித்துவிடுங்கள், வீட்டுக்கு வாங்கி வந்து வைத்தால் புளித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், ஒரு மாவடு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் இஷ்டம். நான் புத்தகம் படிப்பேன், அம்மாவுக்கு வடாம் பிழிந்து கொடுப்பேன். அந்த வெயிலில் வெளியே மட்டும் போகாதீர்கள். மதியத்துக்குத் தயிர்சாதம் போதும்.

4. மதியத் தூக்கம்

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நானும் சறுக்கினேன். ஒரு செவ்வாய்க்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குப் படுத்தேன். நாலுக்கு அலாரம் அடித்ததும் அணைத்ததும் நினைவில்லை. டிரைவர் அண்ணனின் ஐந்தாவது அழைப்பில்தான் எழுந்தேன். முகம்கூடக் கழுவாமல் ஓடினேன். எட்டு மணி வரை தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரியே இருந்தது.

தவறு அலாரத்தில் இல்லை, படுத்த நேரத்தில். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்தால் கலக்கம் தெளிய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். அதனால் ஒன்று இருபது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு சுற்றை முழுசாகத் தூங்கி முடிக்க வேண்டும். இரவு முழுக்கக் கண்விழிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது முழுச் சுற்றைத்தான்.

கணக்கைக் கேப் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கேப் 4.45. குளித்து, டிபன் சாப்பிட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம். கலக்கம் தெளிய முக்கால் மணி நேரம். ஆக, மூன்று மணிக்கு எழ வேண்டும். தூக்கம் பிடிக்க இருபது நிமிடம் சேர்த்தால் 1.10-க்குப் படுக்க வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் உடம்பே கொஞ்சம் தளரும், அதனால் தூக்கம் எளிதாக வரும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பழைய மணிக்கூட்டு அலாரம் ஒன்றைக் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். எழுந்து நடந்து போய்த்தான் அணைக்க வேண்டும்.

5. மூன்று மணிக்கு மேல்

எழுந்ததும் ஃபில்டர் காபி, பச்சைத் தண்ணீரில் குளியல். மொட்டைமாடித் தொட்டி என்றால் பைப்பில் கொதிக்கக் கொதிக்கத்தான் தண்ணீர் வரும். காலையிலேயே இரண்டு வாளி பிடித்து வைத்திருந்தால் நல்லது. காபியைப் படுக்கும் முன் குடிக்காதீர்கள், அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போலாகும்.

பின்சேர்க்கை: ஏசி இல்லாத வீட்டில் மதியம் தூக்கம் வரவில்லை, ஜன்னலில் ஈரத்துண்டு கட்டியும் புழுக்கம்தான் கூடியது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் சென்னைக்காரர்கள். வேலூர் போல வறண்ட காற்று வீசும் ஊரில் ஈரத்துண்டும் வெட்டிவேர்த் தட்டியும் அருமையாக வேலை செய்யும். இங்கே கடல் காற்று நுழைந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், துண்டு காயாது, அறையும் குளிராது. அதனால் துண்டை எடுத்துவிட்டுக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள், மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், தரையில் கோரைப்பாய் விரித்துப் படுங்கள். கடல் காற்று தாமதமாகும் நாளில் மட்டும், அது வரும் வரை கிழக்கு ஜன்னலையும் மூடியே வையுங்கள்.