அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு குடல் அடைப்பும் இருந்தால் எந்தக் கோடு? புதிய கோடர்களுக்கு ஒரு செய்முறை

சென்னை, கோவை, திருச்சி என்று எங்கேயோ ஒரு கோடிங் கம்பெனியில் சேர்ந்து, பயிற்சி முடிந்து, இப்போதுதான் இன்பேஷண்ட் சார்ட் (மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவரின் பதிவேடு) கைக்கு வர ஆரம்பித்திருக்கிறதா? இது உங்களுக்குத்தான். நாம் பார்ப்பது அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட், அதனால் கீழே சொல்வதெல்லாம் ஐசிடி-10-சிஎம் (நோய்களுக்குக் கோடு, அதாவது குறியீட்டு எண், கொடுக்கும் அமெரிக்கத் தொகுப்பு) விதிப்படி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) கோடைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடைப்பு எதனால் வந்தது என்பதை சார்ட்டில் தேடிப் பிடிப்பதுதான் வேலையே.

படி 1: கோடின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் முழுக்க கே51-க்குள் வரும். புள்ளிக்கு அடுத்த இலக்கம் பெருங்குடலில் எந்த இடம் அல்லது எந்த வகை என்று சொல்கிறது: 0 என்றால் பான்கொலைட்டிஸ் (பெருங்குடல் முழுவதும்), 2 ப்ராக்டைட்டிஸ் (மலக்குடல்), 3 ரெக்டோசிக்மாய்டைட்டிஸ் (மலக்குடலும் அதை ஒட்டிய சிக்மாய்டு பகுதியும்), 4 அழற்சி பாலிப்கள், 5 இடப்பக்கக் கொலைட்டிஸ், 8 மற்றவை, 9 இடம் குறிப்பிடாதது. அதற்கடுத்து 0 வந்தால் சிக்கல் எதுவும் இல்லை, 1 வந்தால் சிக்கல் உண்டு. கடைசி இலக்கம் அது என்ன சிக்கல் என்பது: 1 மலக்குடல் ரத்தக்கசிவு, 2 குடல் அடைப்பு, 3 ஃபிஸ்டுலா (குடலிலிருந்து உருவாகும் தவறான பாதை), 4 சீழ்க்கட்டி. ஆக பான்கொலைட்டிஸோடு அடைப்பு என்றால் கே51.012, இடப்பக்கம் என்றால் கே51.512, இடமே எழுதவில்லை என்றால் கே51.912. மனப்பாடம் செய்ய வேண்டாம், இண்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்) பார்த்துவிட்டு டேபுலரில் (கோடுகளின் வரிசைப் பட்டியல்) சரிபார்த்தால் போதும்.

ரத்தக்கசிவும் இருக்கிறது, அடைப்பும் இருக்கிறது என்றால்? இரண்டையும் போடலாம், கே51.011, கே51.012 என்று.

படி 2: இடத்தைத் தேடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே 'யூசி' (அல்சரேட்டிவ் கொலைட்டிஸின் சுருக்கம்) என்று மட்டும் இருக்கும், உடனே 9-க்கு ஓடாதீர்கள். ஹெச் அண்ட் பி (நோய் வரலாறும் உடல் பரிசோதனையும் எழுதிய குறிப்பு), இரைப்பைக்குடல் மருத்துவரின் கன்சல்ட் நோட், அவரே எழுதிய கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், இதில் எங்காவது இடம் இருக்கும். ரேடியாலஜிஸ்ட் எழுதியதையும் பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்து இன்பேஷண்ட் நோயறிதலைப் போடக்கூடாது, சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். சிடி ஸ்கேனில் அடைப்பு என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், மருத்துவர் நோட்டில் அது வராதவரை உங்களுக்கு அது ஒரு துப்பு மட்டுமே.

படி 3: அடைப்புக்குக் காரணம் என்ன?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இண்டெக்ஸில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கீழே 'வித்' என்ற சொல்லின் அடியில் குடல் அடைப்பு இருக்கிறது. கைட்லைனில் 'வித்' விதி என்ன சொல்கிறது என்றால், இப்படி இண்டெக்ஸில் இணைத்திருக்கும் இரண்டையும் மருத்துவர் தனித்தனியாக எழுதியிருந்தாலும், ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்றே நாம் எடுத்துக்கொள்ளலாம், அவர் தொடர்பில்லை என்று தெளிவாகச் சொல்லாதவரை. அதனால் 'கொலைட்டிஸால் வந்த அடைப்பு' என்ற வாசகம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த 'சொல்லாதவரை' என்பதை மறந்துவிடக்கூடாது. முன்பு வயிற்று அறுவை சிகிச்சை நடந்து, ஒட்டுத்திசுக்களால் (குடலை ஒட்ட வைக்கும் தழும்புத் திசு) அடைப்பு என்று எழுதியிருந்தால் கே56.5 வரிசைக்குப் போங்கள். கொலைட்டிஸுக்கு, வேறு சிக்கல் இல்லையென்றால், அதன் சிக்கலில்லாத கோடு தனியாக வரும். புற்றுநோய்க் கட்டி என்றால் கதையே வேறு, சி18 பக்கம் பார்க்க வேண்டும். நீண்ட காலக் கொலைட்டிஸில் குடல் குறுகியிருந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவதே புற்றுநோயைத்தான், அதனால் பயாப்ஸிக்கு அப்புறம் மருத்துவர் என்ன எழுதினார் என்பதையும் படியுங்கள். பெருங்குடலையே எடுத்துவிட்ட நோயாளியாகவும் இருக்கலாம், அதனால் அறுவை சிகிச்சை வரலாற்றைப் பார்க்காமல் இந்தக் கோடைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடல் நோய். 'சிறுகுடல் அடைப்பு' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஒட்டுத்திசுவா, இல்லை உண்மையில் க்ரோன்ஸ் நோயா (சிறுகுடலையும் தாக்கும் இன்னொரு குடல் அழற்சி நோய்)? க்ரோன்ஸுக்குக் கே50, அதையும் கே51-ஐயும் ஒன்றாகப் போட முடியாது, 'இரண்டையும் சேர்த்துப் போடாதே' என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு தடுக்கும். இதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், நாமாக முடிவு செய்யக்கூடாது.

இலியஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை அடைப்பாக மாற்றிக்கொள்ளாதீர்கள். குடல் அசைவு நின்றுபோவது வேறு, வழி அடைபட்டுப்போவது வேறு. டாக்ஸிக் மெகாகோலனும் அப்படித்தான், குடல் ஊதிப் பெருத்திருக்கும், அடைப்பு இருக்காது, அதற்குக் கே59.31 என்று தனிக் கோடு இருக்கிறது.

படி 4: கே56-ஐக் கூடவே ஒட்டாதீர்கள்

புதியவர்களின் கை தானாகப் போகும் இடம் இது. 2017 அக்டோபர் 1 முதல் குடல் அடைப்புக்கான கே56-இல் பகுதி அடைப்பு, முழு அடைப்பு என்று பிரித்துவிட்டார்கள், அதனால் சார்ட்டில் 'பகுதி அடைப்பு' என்று பார்த்ததும் கே56.600-ஐயும் சேர்க்கத் தோன்றும். கே51.012 ஒரு காம்பினேஷன் கோடு, நோயும் அடைப்பும் அதற்குள்ளேயே அடக்கம். கே56.60 என்பதோ காரணம் தெரியாத அடைப்புக்கு, இங்கே காரணம் தெரிந்துவிட்டதே! வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பல் இவற்றுக்கும் தனிக் கோடு வேண்டாம்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. கே51.012 முதன்மை நோயறிதலாக இருந்து பெரிய அறுவை சிகிச்சை எதுவும் நடக்கவில்லை என்றால் எம்எஸ்-டிஆர்ஜி (மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் குழு எண்) 385 முதல் 387-க்குள் விழும், கே56.60 போனால் 388 முதல் 390. ஆடிட்டர் கண்ணில் படாமல் போகாது.

படி 5: பிஓஏ (அட்மிட் ஆகும்போதே இருந்ததா என்ற குறி)

நோயாளி கொலைட்டிஸ் முற்றி அட்மிட் ஆனார், அடைப்பு நான்காம் நாள் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் வரும்போதே இருந்ததே என்று 'ஒய்' (ஆம்) போடக்கூடாது. காம்பினேஷன் கோடில் ஏதாவது ஒரு பகுதி அட்மிஷனுக்குப் பிறகு வந்திருந்தால் 'என்' (இல்லை).

படி 6: மீதியைச் சேருங்கள்

நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் இசட்79.52. தோலில் பயோடெர்மா கேங்க்ரினோசம் இருந்தால் எல்88. ரத்தசோகையை மருத்துவர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள், ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்து நாமே முடிவு கட்டுவது நம் வேலை இல்லை.

படி 7: சந்தேகம் இருந்தால் க்வெரி (மருத்துவரிடம் எழுத்தில் கேட்கும் கேள்வி)

க்வெரியில் விடையை மருத்துவர் வாயில் திணிக்கக்கூடாது. 'கொலைட்டிஸால் வந்த அடைப்பு என்று எழுதலாமா?' என்று கேட்டால் அது தவறு. இப்படிக் கேளுங்கள்: 'நோயாளிக்குப் பான்கொலைட்டிஸ் இருப்பதாகவும், சிடியில் சிறுகுடல் விரிந்து அடைப்பு இருப்பதாகவும் பதிவு உள்ளது. முன்பு வயிற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. உங்கள் மருத்துவ முடிவின்படி அடைப்பின் காரணத்தைக் குறிப்பிடவும்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஒட்டுத்திசு, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை.' 'இருக்கலாம்' என்று பதில் வந்தால்? அதே வார்த்தை டிஸ்சார்ஜ் சமயத்திலும் நின்றால் இன்பேஷண்டில் உறுதியானது போலவே கோடு போடலாம், அவுட்பேஷண்டில் முடியாது.