கண் மருத்துவரிடம் எந்தக் காப்பீட்டு அட்டையைக் காட்டுவது?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் நிரப்பக் கொடுக்கும் காப்பீட்டுப் படிவத்தில் மெடிக்கல், டென்டல், விஷன் என்று மூன்று தனித்தனிப் பிரிவுகள் இருப்பதைப் பார்த்து, நம்மூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் திகைப்பதுண்டு. கண்ணும் உடம்பில் ஓர் உறுப்புதானே, அதற்கு எதற்குத் தனிக் காப்பீடு என்ற கேள்வி நியாயமானதே. விஷன் பிளான் பெயரளவில் காப்பீடு என்றாலும், நடைமுறையில் அது ஆண்டுக்கொரு முறை பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கிக்கொள்வதற்கான சலுகைத் திட்டம். கண்ணில் நோயோ காயமோ ஏற்பட்டால் அந்தச் செலவை ஏற்பது மெடிக்கல் இன்சூரன்ஸ். இந்த வேறுபாடு தெரியாததால் பணம் இழப்பவர்களைவிட, ‘விஷன் பிளான் எடுக்கவில்லையே’ என்று நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

விஎஸ்பி, ஐமெட் போன்ற நிறுவனங்களின் விஷன் பிளான்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆண்டுக்கு ஒரு வழக்கமான கண் பரிசோதனைக்குக் கோபே என்னும் சிறு தொகையை மட்டும் நாம் கட்டினால் போதும். ஃபிரேமுக்கு ஒரு வரம்பு உண்டு. அது 150 டாலர் என்றால், 220 டாலர் ஃபிரேமை எடுப்பவர் மீதியைத் தன் கையிலிருந்து தர வேண்டும், அதிலும் ஓரளவு தள்ளுபடி கிடைக்கலாம். புதிய ஃபிரேம் 12 மாதங்களுக்கு ஒரு முறையா 24 மாதங்களுக்கு ஒரு முறையா என்பது பிளானைப் பொறுத்தது. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொதுவாக அந்த ஆண்டின் சலுகை செல்லும். கான்டாக்ட் லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்ப்பதற்கான கட்டணம் பரிசோதனைக் கட்டணத்தில் அடங்காது என்பதைப் பலர் பில் கட்டும் இடத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸின் எல்லை வேறு. கண்புரை, கண் அழுத்த நோய், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு, மெட்ராஸ் ஐ, கண்ணில் தூசியோ இரும்புத் துகளோ பட்ட காயம், தீராத கண் வறட்சி ஆகிய அனைத்தும் அதன் கீழ் வரும். ஆனால் டிடக்டிபிள் என்னும் தொகையை, அதாவது காப்பீட்டு நிறுவனம் பங்கு தரத் தொடங்குவதற்கு முன் அந்த ஆண்டில் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகையை, இன்னும் கட்டி முடிக்காதவருக்கு முழுக் கட்டணமும் அவர் தலையிலேயே விழக்கூடும்.

அப்படியானால் எந்த அட்டை செல்லும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நாம் நீட்டும் அட்டை முடிவு செய்வதில்லை, மருத்துவரின் பட்டமும் முடிவு செய்வதில்லை. பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் சரி, அறுவைச் சிகிச்சை செய்யும் ஆஃப்தல்மாலஜிஸ்ட்டும் சரி, நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களின் பட்டியலில், இருந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸுக்குப் பில் அனுப்ப முடியும். நாம் எதற்காக வந்தோம், மருத்துவர் என்ன கண்டார் என்ற இரண்டும்தான் பில் போகும் திசையைத் தீர்மானிக்கின்றன. தூரத்து எழுத்து மங்குகிறது என்று வந்தவருக்குக் கிட்டப்பார்வை மட்டும் இருந்தால் அது விஷன் பிளான். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர் விழித்திரையைப் பார்க்க வந்தால், அதே மருத்துவர் அதே நாற்காலியில் உட்காரவைத்துப் பரிசோதித்தாலும், அது மெடிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணாடி மாற்றுவதற்காக விஷன் அட்டையுடன் ஒரு மருத்துவரிடம் போனேன். கண் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சொல்லி, பக்கப் பார்வைச் சோதனைக்கும் பார்வை நரம்பை ஸ்கேன் செய்வதற்கும் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். முதல் நாள் நான் கட்டியது கோபே மட்டுமே. இரண்டாம் நாளின் செலவு மெடிக்கல் இன்சூரன்ஸுக்குப் போய், டிடக்டிபிள் தீராததால் ஆறு வாரம் கழித்து முழுத்தொகையும் என் பெயருக்கே பில்லாக வந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சோதனைகள் வேறு காப்பீட்டில் போகும் என்று அன்றே கேட்டுவைத்திருந்தால், பில்லைப் பிரித்த அந்த மாலை அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை தொலைபேசியில் நேரம் வாங்கும்போதே தொடங்குகிறது. ‘கண் செக்கப்’ என்று பொதுவாகச் சொல்லாமல், சர்க்கரை நோய்க்கான விழித்திரைப் பரிசோதனை, கண்ணில் மூன்று நாளாக வலி, புதுக் கண்ணாடிக்குப் பவர் பார்க்க வேண்டும் என்று உள்ள காரணத்தை உள்ளபடியே சொல்லுங்கள். இரண்டு அட்டைகளின் எண்களையும் கொடுத்து, அந்த மருத்துவர் இரண்டின் நெட்வொர்க்கிலும் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவர்கள் பலர் உண்டு. குறிப்பிட்ட மருத்துவர் குழுவுக்குள்ளேயே சிகிச்சை பெற வேண்டிய எச்எம்ஓ வகைக் காப்பீடாக இருந்தால், குடும்ப மருத்துவரின் பரிந்துரை முன்கூட்டியே தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோபே குறையும் என்பதற்காக இருக்கும் அறிகுறியை மறைப்பதோ இல்லாததைச் சொல்வதோ கூடாது. மருத்துவக் குறிப்பில் பதிவாகும் அந்தக் காரணத்தை வைத்துத்தான் அடுத்தடுத்த சிகிச்சையும் நடக்கும்.

பில்லில் மிக அதிகமாகக் குழப்பும் வரி 92015 என்ற எண்ணைக் கொண்டது. கருவியின் முன் முகத்தை வைத்ததும், ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று லென்ஸ்களை மாற்றி மாற்றிக் கேட்டுப் பவரைக் கண்டுபிடிக்கிறார்களே, ரிஃப்ராக்ஷன் எனப்படும் அந்தச் சோதனையின் எண் அது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதை ஏற்பதில்லை. பல மெடிக்கல் காப்பீடுகளும் ஏற்பதில்லை. கண்புரைக்காக மெடிக்கலில் பரிசோதனை நடந்த அன்றே பவரும் பார்த்தால், அந்த ஒரு வரி மட்டும் தனியாக நம் பொறுப்பாகும். சில விஷன் பிளான்கள் மெடிக்கல் பில்லுடன் இணைந்து இந்தத் தொகையை ஏற்கின்றன. வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

பெற்றோர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 65 வயதைக் கடந்த கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பிறகு பிரீமியம் செலுத்தி மெடிகேரில் சேர முடியும். மருத்துவர் செலவுகளுக்கான அதன் பார்ட் பி என்ற பகுதி வழக்கமான பவர் பரிசோதனைக்கோ கண்ணாடிக்கோ பணம் தராது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனையையும், கண் அழுத்த நோய்க்கான வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறை அதற்கான சோதனையையும் ஏற்கிறது. சர்க்கரை நோய் இருப்பதே அந்த இரண்டாவது சோதனைக்கும் தகுதி என்பதை நம் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சையில் டிடக்டிபிள் போக அங்கீகரிக்கப்பட்ட தொகையில் 80 சதவீதத்தை மெடிகேர் தரும். 2025-ஆம் ஆண்டில் அந்த டிடக்டிபிள் 257 டாலராக இருந்தது. லென்ஸ் பொருத்திய அறுவைக்குப் பிறகு ஒரு கண்ணாடிக்கும் பங்கு தருகிறது. வழக்கமான ஒற்றைப் பார்வை லென்ஸுக்குப் பதிலாக, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் பயன்படும் விலை உயர்ந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் தொகை முழுவதும் நோயாளியுடையது. விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீடு பொதுவாகக் கண்ணாடிக்கோ ஏற்கனவே இருந்த நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்கோ உதவாது. எனவே பவர் பார்ப்பதையும் கண்புரை சோதனையையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கையில் ஒரு கண்ணாடி கூடுதலாக எடுத்து வரச் சொல்வது நல்லது.

குழந்தைகளுக்கு நிலைமை சற்று எளிது. 2014 முதல், தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் வாங்கும் மெடிக்கல் காப்பீடுகளில் குழந்தைகளின் கண் பராமரிப்பு கட்டாயப் பயன்களில் ஒன்று.

கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கொசுக் கூட்டம் பறப்பது போன்ற கரும்புள்ளிகள், பக்கவாட்டிலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். விழித்திரை கிழிவதன் அல்லது பிரிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடக்கூடும். இது முழுக்க மெடிக்கல் இன்சூரன்ஸைச் சேர்ந்தது, விஷன் பிளான் இல்லாதவருக்கும் பொருந்தும். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல முன் அனுமதி தேவையில்லை. அந்த மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் அங்கே நெட்வொர்க் அளவைத் தாண்டிய பங்கை நம்மிடம் கேட்பதைத் தடுக்கிறது.

பவர் பரிசோதனை முடிந்ததும் கண்ணாடிக்கான மருந்துச்சீட்டை, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தனிக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. அதை வாங்கிக்கொண்டு வேறு கடையில் கண்ணாடி செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஃபிரேம் வரம்பு குறைவாக உள்ள பிளானை வைத்திருப்பவர்கள் விஷன் சலுகையுடன் அங்கேயே வாங்குவதையும், சலுகையே இல்லாமல் வெளிக் கடையில் வாங்குவதையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். பின்னது மலிவாக அமைவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

சில வாரங்களில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ‘இது பில் அல்ல’ என்ற குறிப்புடன் ஒரு விளக்கத்தாள் வரும். அதையும் மருத்துவரின் பில்லையும் அருகருகே வைத்து, தேதி, சோதனையின் எண், நோயின் பெயர், நம் பங்கு ஆகிய நான்கையும் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். மெடிக்கலுக்குப் போக வேண்டியது விஷனுக்குப் போய் மறுக்கப்பட்டிருந்தால், மருத்துவரின் பில்லிங் பிரிவை அழைத்துச் சரியான காப்பீட்டுக்கு மறுபடி அனுப்பச் சொன்னாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் மெடிக்கல் காப்பீடு மறுத்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சோதனை ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, அவருடைய அன்றைய குறிப்புகளின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். மருத்துவத் தேவை பற்றிய அந்த முறையீட்டையும் நிறுவனம் தள்ளினால், இறுதி மறுப்பு வந்த நான்கு மாதங்களுக்குள் வெளியார் ஒருவரின் சுயேச்சையான மறுஆய்வைக் கோரும் உரிமை நமக்கு உண்டு. அதற்கான விண்ணப்ப முறை மறுப்புக் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.