நாற்பதுக்கு மேல் ஐந்து போட்டிகள்

டெகாத்லானின் பத்துப் போட்டிகளைக் கண்டு மலைப்பவர்களை நான் மாஸ்டர்ஸ் பென்டத்லானுக்கு, அதாவது மூத்தோர் தடகளத்தின் ஐந்து போட்டித் தொகுப்புக்கு, அனுப்புவேன். 35 வயது நிறைந்தால் போதும். ஆண்களுக்கு நீளம் தாண்டுதல், ஈட்டி, 200 மீட்டர், வட்டு, கடைசியில் 1500 மீட்டர்.

பயிற்சியில் ஓட்டத்தையும் தாண்டலையும் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். எறிதலை வேறொரு நாளில் வையுங்கள். தொடையின் பின்தசையும் குதிகால் தசைநாணும் இந்த வயதில் கோபக்கார மாமனார்கள். ஸ்பைக்ஸ் (முள் காலணி) அணிந்து முழு வேகத்தில் ஓடினால், அடுத்த இரண்டு நாள் அவற்றைச் சீண்டாதீர்கள். 50 வயதில் வட்டு 2 கிலோவிலிருந்து 1.5 கிலோவாகவும், ஈட்டி 800 கிராமிலிருந்து 700 கிராமாகவும் குறையும். உங்கள் பிரிவின் எடையிலேயே பழகுங்கள். கனமானதை எறிந்து காட்டும் வீம்பு தோள்பட்டைக்குத்தான் கேடு.

தாண்டலிலும் எறிதலிலும் தலா மூன்று வாய்ப்புகளே. மூன்றும் ஃபவுல் ஆனால் அந்தப் போட்டியில் பூஜ்யம். ஆகவே முதல் தாண்டலில், மிதித்து எழும்பும் பலகைக்குச் சற்று முன்பே காலூன்றி எழும்பி, ஓர் அளவைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு துணியலாம்.

1500 மீட்டரைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்தால், வயதுச் சலுகை சேர்ப்பதற்கு முன் சுமார் 560 புள்ளிகள். அங்கிருந்து நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய ஆறு புள்ளிகள் கூடும். முதல் சுற்றில் யாரையும் துரத்தாதீர்கள். மிச்சமுள்ள மூச்சைக் கடைசி 300 மீட்டரில் செலவழியுங்கள்.