நின்ற பிறகு வரும் 'டங்'

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் பிரேக் பிடித்தால், வண்டி முழுசாக நின்ற பிறகு அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். கிளம்பும்போது இன்னொன்று.

முதலில் யூ ஜாயின்ட் கிராஸ் மேல்தான் சந்தேகம் (பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் மூட்டு). ஜே.சி. ரோட்டில் புதுசு வாங்கி மாற்றியும் சத்தம் போகவில்லை. கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரும் இல்லை. "கிரவுன் பல் தேய்ஞ்சிருக்கும் சார், இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக். பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன். மனசு ஒப்பவில்லை.

கவனிக்க வேண்டியது சத்தம் வரும் நேரத்தை. கிராஸோ கிரவுனோ தேய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் தட்டும். நின்ற பிறகு வந்தால் வேறு கதை. பிரேக் பிடிக்கையில் பின் ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்கை முறுக்கி லேசாகத் திரும்பும். நின்றதும் பழைய நிலைக்கு வரும். அதற்கேற்ப புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயின்ட் (ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீளவும் குறுகவும் செய்யும் இணைப்பு) வழுக்க வேண்டும். கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தால் பிடித்து நின்று, சட்டென்று நழுவும். அதுதான் அந்த 'டங்'.

குனிந்து பார்த்தால் அங்கிருந்த நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) மண்ணேறி அடைத்திருந்தது. கிரீஸ் கன் வைத்தால் கிரீஸ் வெளியேதான் பிதுங்கியது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாயின்ட்டின் இரண்டு பாதியிலும் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் அடையாளப் புள்ளி குத்தி (பல் மாறிச் சேர்ந்தால் ஓட்டத்தில் அதிர்வு வரும்) கழற்றினோம். ஸ்ப்ளைன் என்ற நீளவாட்டுப் பற்களின் பள்ளமெல்லாம் செம்மண் நிறத் துரு. டீசலில் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவி, புது நிப்பிள் போட்டோம். சத்தம் போயே போய்விட்டது, பெரிய நிம்மதி. கிரவுனைத் தொடவே இல்லை.