வகுப்பைப் பார்த்து வாங்காதீர்கள்

திருவாரூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி நூலகத்தில் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்ததற்குக் காரணம், வகுப்பை மட்டும் வைத்து வாங்கியது. எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இப்போது நடுப்பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்கிறோம். ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் நூல்களில் 1 முதல் 4 வரை வாசிப்பு நிலை குறித்திருக்கும், வேலை மிச்சம். வாசிப்பு நிலை குறைவு என்பதற்காகப் பதின்மூன்று வயதுப் பையனிடம் முயல்குட்டிக் கதையை நீட்டினால் கூச்சப்பட்டுத் தொடமாட்டான். அவனுக்கு வாக்கியம் சிறிதாகவும் விஷயம் பெரிதாகவும் வேண்டும்: துப்பறிதல், பாம்பு, கிரிக்கெட், படக்கதை. (நன்னெறிக் கதைகள் நன்கொடையாகவே குவியும், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.) புத்தகத்தின் முதுகையும் விரித்துப் பாருங்கள். பசை மட்டும் போட்டது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் விட்டுப்போகும். நூலால் தைத்தது தாங்கும். அதே ஈரத்துக்காக அலமாரியும் சுவரை ஒட்டி நிற்கக்கூடாது.